மெதுவாக வரச் சொன்ன கப்பல்

எங்கள் அலுவலகத்தில் கப்பலைக் கிட்டத்தில் நின்று பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிரிக்பீல்ட்ஸில் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கண்ணாடிக் கட்டடம், அதில் உயரமான ஒரு மாடி. ஏசி குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, எந்தக் கடலில் எந்தக் கப்பல் எந்தப் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு போகிறது என்று திரையில் பார்ப்போம். மத்தியானம் கீழே இறங்கி வாழையிலைச் சோறு சாப்பிட்டுவிட்டு, ஏறி வந்து மறுபடியும் பார்ப்போம். இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். நல்ல சம்பளம்தான், பொய் சொல்லக்கூடாது.

வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலில் போகும் ஒவ்வொரு கப்பலும் தன் பெயரையும் இருக்கும் இடத்தையும் வேகத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டே போகிறது. அதைச் செயற்கைக்கோள் பிடிக்கிறது. எந்தத் துறைமுகத்தில் எந்தக் கப்பல் கட்டிக் கிடக்கிறது, எது வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கிறது என்ற தகவலும் வருகிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, கப்பல் கம்பெனிக்காரன் கேட்கும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். என் கப்பல் அங்கே போய்ச் சேரும்போது கரையில் இடம் இருக்குமா, இல்லை வரிசையில் நிற்க வேண்டுமா? வரிசை என்று நாங்கள் சொன்னால் அவன் தன் கேப்டனுக்கு மெயில் போடுவான். அவசரமாக வந்து சும்மா நிற்பதற்கு மெதுவாகவே வா, எண்ணெய் மிச்சம். எங்கள் விற்பனைப் பிரிவில் இருக்கிறவர்கள் இதை வெளிநாட்டுக்காரர்களிடம் விளக்கும்போது, பூமியையே தோளில் தூக்கி நிறுத்துகிற மாதிரிப் பேசுவார்கள்.

போர்ட் கிள்ளான் துறைமுகம் என் பொறுப்பு. கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் அதை என்னிடம் கொடுத்தார்கள். கொடுத்ததில் தப்பும் இல்லை. கணினிக்குக் கப்பல் தெரியும், மனிதர்களைத் தெரியாது. நோன்புப் பெருநாள் நெருங்கினால் லோரி ஓட்டுகிறவர்களும் கண்டெய்னர் கட்டுகிறவர்களும் பாதிப் பேர் கம்பத்துக்கு, அவரவர் சொந்தக் கிராமத்துக்கு, கிளம்பிவிடுவார்கள் என்று அதற்கு யார் சொல்வது? சாயங்கால இடியில் கிரேனை நிறுத்திவிட்டு எல்லாரும் கீழே இறங்கிவிடுவார்கள் என்பதும் அதற்குத் தெரியாது. அதனால் கணினி சொல்லும் கணக்கின் மேல் நான் கையால் சில மணி நேரம் கூட்டிப் போடுவேன். திருத்தம் என்று அதற்குப் பெயர். என் திருத்தம் தப்பிப் போனது அபூர்வம். வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் எங்கள் மேலாளர் அவர்களை என் மேசைக்கு அழைத்து வந்து, "திஸ் இஸ் அவர் கிள்ளான் பிரெய்ன்" என்பார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு எழுந்து நிற்பேன்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. எனக்கு ஒரே தம்பி, கண்டெய்னர் கப்பலில் எலக்ட்ரீஷியன். ஏறினால் இறங்க மாதக்கணக்காகும். நான் வேலை முடிந்து கொம்யூட்டர் ரயிலில் கசங்கி வீடு வந்து சேர்ந்ததும், அம்மா முதலில் காப்பி குடிக்கிறாயா என்று கேட்க மாட்டாள். "தம்பி எங்க?" என்பாள். போனில் படத்தைத் திறந்து காட்ட வேண்டும். நீலத்தின் மேல் ஒரு சின்னப் பச்சைக் குறி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பாள்.

"போவுதா?"

"போவுதும்மா."

"வேகமா போவுதா, மெதுவா போவுதா?"

நின்றுகொண்டிருக்கிறது என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். "ஏன் நிக்கிறான்? யாரோடயாச்சும் சண்டையா?" என்பாள். கப்பலே என் தம்பிதான் அவளுக்கு. அதில் இருக்கும் மற்றவர்களும் ஆயிரக்கணக்கான பெட்டிகளும் அவன் கூடச் சும்மா ஒட்டிக்கொண்டு போவதாக நினைப்பு. நான் கிண்டல் செய்வேன். உலகத்தில் உள்ள கம்பெனிகள் எல்லாம் இதற்காக எங்களிடம் பணம் கட்டுகிறார்கள், உனக்கு ஓசியில் கிடைப்பதால் அருமை தெரியவில்லை என்பேன்.

அந்தப் பெருநாளுக்கு முந்தின வாரம் தம்பியின் கப்பல் மேற்கேயிருந்து போர்ட் கிள்ளானுக்கு வந்துகொண்டிருந்தது. கரையில் கட்டியதும் சில மணி நேரம் வீட்டுக்கு வந்துபோவதாகச் சொல்லியிருந்தான். அம்மா பாசாருக்குப் போய் நண்டு வாங்கி வந்து ஐஸ் பெட்டியில் திணித்து வைத்தாள். நான் வாரத் தொடக்கத்தில் வழக்கம்போல என் திருத்தத்தைப் போட்டேன். பெருநாள் நெரிசல், ஆள் பற்றாக்குறை, வரிசை நீளும். தம்பி கப்பலும் அந்த வரிசையில் ஒன்று என்று தெரியும். ஒரு நாள் பிந்தி வருவான், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலையில் குளித்துவிட்டு வந்து சாமி கும்பிட்டு நாற்காலியில் உட்கார்ந்த அம்மா எழுந்திருக்கவில்லை. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனோம், அங்கே ஒரு டாக்டர் தாழ்ந்த குரலில் சாரி சொன்னார். மத்தியானத்துக்கு முன்னால் அம்மாவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வீட்டுக் கூடத்தில் இறக்கிவிட்டார்கள். தாமான் குடியிருப்பு ஆட்கள் வாசலில் கூடாரம் போட்டார்கள். யாரோ ஸ்பீக்கரில் தேவாரம் வைத்தார்கள்.

மாமா வந்தார், அம்மாவுக்கு நேர் இளையவர். எங்கள் குடும்பத்தில் கல்யாணம், சாவு எதுவானாலும் அவர் கையில்தான். வந்ததும் அழுதார், அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டார்.

"பையன் எங்கம்மா இருக்கான்? ஒரே பையன். அவன்தானே கொள்ளி வைக்கணும்."

நான் லேப்டாப்பைக் கொண்டுவந்து அம்மாவின் கால்பக்கம் தரையில் உட்கார்ந்து திறந்தேன். கப்பல் அச்சே முனையைத் தாண்டி மலாக்கா நீரிணைக்குள் நுழைந்திருந்தது. நல்ல வேகம். கணக்குப் போடக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, இதுதானே என் தொழில்.

"நாளைக்குக் காலையில வந்துடுவான் மாமா."

"நிச்சயமா?"

"இதே வேகத்துல வந்தா நிச்சயம்."

மாமாவுக்கு அது போதும். சுடலைக்குப் போன் செய்து மறுநாள் மத்தியானத்துக்கு நேரம் வாங்கினார். அதை விட்டால் பெருநாள் நெருக்கத்தில் வேறு நேரம் கிடைக்கவில்லை. அதோடு, ஐஸ் பெட்டியானாலும் இரண்டு ராத்திரி வீட்டில் வைக்க அவருக்கு மனசில்லை. நான் தம்பியிடம் பேசினேன். கப்பலில் இன்டர்நெட் உண்டு, ஆனால் அழுகையும் சத்தமும் துண்டு துண்டாகத்தான் வந்து சேரும். கேப்டன் நல்ல மனுஷன். கரையில் கட்டும்வரை காத்திருக்க வேண்டாம், வெளியே நங்கூரம் போட்டதும் கப்பல் ஏஜண்ட் கரையிலிருந்து அனுப்பும் படகில் இறங்கிப் போகலாம் என்று சொல்லிவிட்டார். ஏஜண்டிடமும் பேசி, குடிநுழைவுக் காகிதங்களுக்கு ஏற்பாடு செய்தேன். படம் எடுத்து அனுப்பட்டுமா என்று தம்பியைக் கேட்டதற்கு வேண்டாம் என்றான். செத்தவர்களைப் படம் எடுப்பது அம்மாவுக்கு ஆகாது. அப்பா போனபோது யாரோ எடுத்துக் கொடுத்ததைக் கிழித்து அடுப்பில் போட்டவள்.

"வேணாங்க்கா. நான் நேர்ல வந்து பாத்துக்குறேன். நான் வர்ற வரைக்கும் எடுத்துறாதீங்க. முகத்தைப் பாக்கணும்."

சொன்னேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அந்த நேரத்தில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இவ்வளவு வருஷம் ஊர் பேர் தெரியாதவன் கப்பலுக்கெல்லாம் நேரம் சொன்னேன், இன்றைக்குத்தான் இந்தப் படிப்பு என் வீட்டுக்கு உதவுகிறது என்று நினைத்தேன்.

சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் திரையில் வேகம் இறங்கியது. பதினேழில் வந்துகொண்டிருந்த கப்பல் பத்துக்கும் கீழே வந்துவிட்டது. எஞ்சின் கோளாறோ என்று பயந்தேன். அதற்குள் தம்பி செய்தி அனுப்பிவிட்டான்.

"அக்கா, கம்பெனிலேருந்து மெயில். போர்ட் கிள்ளான்ல பெரிய கியூவாம். மெதுவா வரச் சொல்லிட்டாங்க. நாளன்னைக்குத்தான் வருமாம்."

அதை இன்னொரு தரம் படித்தேன். அந்தக் கியூ என்னுடையது, வாரத் தொடக்கத்தில் நான் போட்டது; கம்பெனி இப்போதுதான் அதைப் பார்த்து முடிவெடுத்திருக்கிறது. அவர்கள் கம்பெனி எங்கள் வாடிக்கை. கணினியை அதன் போக்கில் விட்டிருந்தால் கப்பல் ஓடி வந்திருக்கும், பேசாமல் வெளியே வந்து நின்றிருக்கும், தம்பி இறங்கியிருப்பான். லோரிக்காரர்கள் ஊருக்குப் போவதைக் கண்டுபிடித்துச் சொன்ன கெட்டிக்காரி நான்.

அந்தக் கம்பெனிக்குக் கப்பல்களை நடத்துகிறவர் சிங்கப்பூரில் இருந்தார். தமிழர்தான், முன்பு பலமுறை போனில் பேசியிருக்கிறோம். எடுத்ததும் விஷயத்தைச் சொல்லி அழுதுவிட்டேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"ஐயோ சிஸ்டர், ரொம்ப சாரி. ஆனா நான் என்ன செய்யறது சொல்லுங்க? நாங்க உங்க ஃபோர்காஸ்ட்டைப் பாத்துத்தானே போறோம். உங்க ஃபோர்காஸ்ட் கியூன்னு சொல்லுது. நான் வேகமா ஓட்டுன்னு சொன்னா எங்க பாஸ் என்னைத்தான் கேப்பாரு லா."

"ஒரே ஒரு நாள் அண்ணே."

"புரியுது. ஃபோர்காஸ்ட் மாறிச்சுன்னா உடனே மெயில் போட்டுடுறேன். அது என் கையில இருக்கு. மத்தது இல்ல."

அவர் வெகுளியாகச் சொன்னாரா, வழி காட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போனை வைத்ததும் நான் என் திருத்தத்தை எடுத்துவிட்டேன். அம்மா கிடக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போர்ட் கிள்ளானில் நெரிசல் இல்லை என்று உலகத்துக்குச் சொன்னேன். இதை ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி எழுதவில்லை. எனக்கு அதில் வருத்தமே கிடையாது. இன்னொரு முறை அந்த நிலைமை வந்தாலும் எடுப்பேன். பின்னால் உட்கார்ந்திருந்த அத்தைகளில் ஒருத்தி, "அம்மா செத்துக் கெடக்கா, இவளுக்கு ஆபீஸ் வேலை" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வேகம் ஏறியது. பத்து, பன்னிரண்டு, பதினைந்து, அப்புறம் பதினெட்டு. "வர்றான் மாமா, வேகமா வர்றான்" என்று கத்திவிட்டேன். சாவு வீட்டில் சிரித்த முகத்தோடு எழுந்து நின்றவள் நான் ஒருத்திதான் இருப்பேன். மாமா என் தலையைத் தடவிக் கொடுத்தார். யார் யாரோ வந்து திரையை எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பச்சைக் குறியைப் பார்த்து ஒரு கிழவர் கும்பிடக்கூடச் செய்தார்.

அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் எங்கள் மேலாளர் துக்கம் கேட்க வந்தார். யாழ்ப்பாண வழிக் குடும்பம், பணக்காரர்கள் இருக்கும் பங்சாரில் வீடு, யாரையும் சத்தம் போட்டுப் பேசாதவர். ஆளுயரத்துக்கு ஒரு மலர் வளையம் கொண்டுவந்தார், அதில் கம்பெனி பெயர் பளபளவென்று அச்சடித்திருந்தது. அம்மாவைக் கும்பிட்டுவிட்டு வெளியே கூடாரத்தில் உட்கார்ந்தார். அங்கே அவருக்கு ஒரு போன் வந்தது, அடுத்து இன்னொன்று. பேசி முடித்ததும் என்னை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"கிள்ளான் திருத்தத்தை நீங்களா எடுத்தீங்க?"

"ஆமா சார்."

"அங்கே உண்மையில நெரிசல் குறைஞ்சிட்டுதா?"

"இல்ல சார். என் தம்பி அந்தக் கப்பல்ல வர்றான்."

அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஐ ஆம் வெரி சாரி. ஆனா உங்கட தம்பி கப்பல் மட்டும் இல்லையே. இப்போ எத்தனை கப்பல் ஸ்பீட் ஏத்திட்டு வருது தெரியுமா? எல்லாம் வந்து அங்கே சும்மா நின்னா நாளைக்கு நம்மளை யார் நம்புவாங்க? நான் இதைத் திரும்பப் போடத்தான் வேணும்."

"விடியற வரைக்கும் விடுங்க சார். அதுக்கப்புறம் நீங்க என்ன வேணும்னாலும் செய்யுங்க. என் வேலையைக்கூட எடுத்துக்குங்க."

"வேலையை எல்லாம் யாரும் எடுக்க மாட்டாங்க மா. நீங்க லீவு எடுங்க. அம்மாவோட இருங்க."

என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்க் காருக்குள் உட்கார்ந்து யாருக்கோ போன் செய்தார். கண்ணாடி வழியே அவர் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் வண்டி எங்கள் தெருவைத் தாண்டுவதற்குள் என் திருத்தம் திரும்ப ஏறிவிட்டது, கணினியில் நான் உள்ளே நுழைய முடியாதபடி கதவையும் சாத்திவிட்டார்கள். நியாயம் அவர் பக்கம்தான். அது எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் அந்த மனிதரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அயோக்கியனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன்.

கப்பல் மறுபடி மெதுவாகிவிட்டது. தம்பி கேப்டன் காலில் விழாத குறை. அவர் பாவம், கம்பெனி எழுதிய வேகத்தில்தான் ஓட்ட முடியும். விடிந்த பிறகும் அவன் வெகு வடக்கே பேராக் கரைக்கு வெளியே ஊர்ந்துகொண்டிருந்தான். அலுவலகக் கணக்கு பூட்டிக் கிடந்ததால், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கக்கூடிய ஒரு தளத்தைப் போனில் திறந்து வைத்திருந்தேன். அது தவணை முறையில் கடன் கொடுக்கிற மாதிரி விட்டு விட்டுத்தான் காட்டும். அதையே அழுத்திக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் இருந்தேன். சுடலையில் நேரத்தைத் தள்ளிப்போட மாமா கெஞ்சிப் பார்த்தார். முடியாது என்றார்கள்.

"இனிமே காத்திருக்க முடியாதும்மா. பெரியப்பா மவன் வைக்கட்டும்."

பெரியப்பா மகன் என்கிறவர் அம்மாவை உயிரோடு பார்த்து எந்தக் காலமோ. முன்பு ஒரு தடவை அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட எட்டிப் பார்த்ததில்லை. அன்றைக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தார். "பரவால்ல மாமா, தம்பிக்காக நானே செஞ்சிடுறேன் லா" என்றார், யாருக்கோ ஓவர்டைம் பார்க்கிற தோரணையில்.

"நான் வைக்கிறேன் மாமா. நான்தானே கூட இருந்தேன்."

"ஆம்பளை இருக்கும்போது நீ எதுக்கும்மா? ஊர்ல என்ன பேசுவாங்க?"

ஊர் என்றால் எந்த ஊர் என்று கேட்டிருக்க வேண்டும். கிள்ளானிலேயே மகள்கள் கொள்ளி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். நின்று சண்டை போடவில்லை, ஏனென்றால் அந்த நேரம் போன் அதிர்ந்தது. தம்பிதான். எங்கே இருக்கிறீர்கள், தூக்கிவிட்டார்களா, கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. ஒரு கையில் போனும் மறு கையில் வாய்க்கரிசியுமாக வரிசையில் போனேன். யாரோ என் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். போட்டேன். பின்னால் இருந்தவர்கள் நெருக்க, நகர்ந்துவிட்டேன்.

சுடலைக் கட்டடத்துக்குள் சிக்னல் சரியில்லை. வெளியே தூணோரம் வந்து நின்றால் கொஞ்சம் கிடைத்தது. உள்ளேயிருந்து, சடங்கு செய்ய வந்த பண்டாரத்தின் குரல் கேட்டது. "முகம் பாக்குறவங்க எல்லாம் வந்து பாத்துக்குங்க. கடைசி முகம்." அந்த நேரம் தம்பி என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான், கப்பல் இப்போது எங்கே என்று உனக்குக் காட்டுகிறதா, வேகம் கூடியிருக்கிறதா, கேப்டன் ஏதோ மெயில் எழுதியிருக்கிறார் என்று. இரு பார்க்கிறேன் என்றேன். படம் சுற்றிச் சுற்றி நின்றது. கடைசியில் திறந்தபோது அதே வேகம்தான் இருந்தது. உள்ளே போனேன். இரும்புக் கதவை இறக்கிவிட்டிருந்தார்கள். பெரியப்பா மகன் கறுப்புக் கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கப்பல் வந்தது. வெளியே நங்கூரம் போட்டு நின்றது. நான் போட்டிருந்த கணக்குப்படியே வரிசை இருந்தது, அவசரப்பட்டு வந்த இரண்டு மூன்று கப்பல்கள் சும்மா நின்றன, மெதுவாக வந்தவை எண்ணெயை மிச்சம் பிடித்தன. பெருநாள் முடிந்து எல்லாருக்கும் ஒரு மெயில் வந்தது. போர்ட் கிள்ளான் முன்கணிப்பு மிகத் துல்லியமாக அமைந்ததை வாடிக்கையாளர்கள் பாராட்டியிருக்கிறார்களாம். என் பெயரைப் போடவில்லை, அந்த மட்டும் இங்கிதம் இருந்தது. நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். வீட்டுக் கடன் இருக்கிறது, வேறு தொழில் தெரியாது. எனக்கு இப்போது வேறு துறைமுகங்கள், பார்த்தே இராத ஊர்கள். கிள்ளானை ஒரு புதுப்பெண் பார்த்துக்கொள்கிறாள். பெருநாளுக்கு எவ்வளவு கூட்டிப் போடுவது என்று என்னிடம் வந்து கேட்டாள். உனக்குத் தோன்றியதைப் போடு என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்றைக்குத் தம்பி ஏஜண்ட் படகில் இறங்கி நேராக போர்ட் கிள்ளான் ஜெட்டிப் படகுத்துறைக்கு வந்துவிட்டான். நாங்கள் சாம்பலை எடுத்துக்கொண்டு அங்கேதான் காத்திருந்தோம். கப்பலில் போடும் அந்த ஆரஞ்சு உடுப்பை மாற்றக்கூட இல்லை. நெற்றியில் எண்ணெய்க் கறை. மாமாவைக் கட்டிக்கொண்டு அழுதான். என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, பக்கத்தில் வந்து நின்றான். மாமா வெள்ளைத் துணி சுற்றிய கலயத்தை அவன் மடியில் வைத்தார். வாடகைப் படகு எங்கள் மூவரையும் பண்டாரத்தையும் ஏற்றிக்கொண்டு வெளியே போனது. சேற்று நிறத் தண்ணீர், மேலே பருந்துகள் சுற்றின. தூரத்தில் கப்பல்கள் நின்றன. எது அவனுடையது என்று நான் பார்க்கவில்லை, அவனும் காட்டவில்லை.

கரை சின்னதான பிறகு படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். அப்போதுதான் தம்பி பேசினான்.

"அக்கா."

"சொல்லு."

"அம்மா முகம் எப்படி இருந்துச்சு?"

"தூங்குற மாதிரி இருந்தாங்கடா" என்றேன். எல்லாச் சாவு வீட்டிலும் எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னேன்.

அவன் தலையாட்டினான். கலயத்தின் மேல் துணியை நீவிக்கொண்டே இருந்தான்.

"வலி ஏதாச்சும் தெரிஞ்சுதா முகத்துல? வாய் மூடியிருந்துச்சா?"

"ம்."

"என்ன சேலை கட்டிவிட்டீங்க?"

அத்தைகள்தான் குளிப்பாட்டி உடுத்திவிட்டார்கள். நான் அப்போது சிங்கப்பூருக்குப் போன் செய்துகொண்டிருந்தேனோ, ஏஜண்டிடம் பேசிக்கொண்டிருந்தேனோ. அது என்ன நிறம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு பகலும் ஓர் இரவும் மறுநாள் மத்தியானம்வரையும் அந்தப் பெட்டியின் காலடியில் உட்கார்ந்திருந்தவள் நான். கப்பல் எந்த இடத்தில் எந்த வேகத்தில் வந்தது என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். சேலை நினைவுக்கு வரவில்லை. முகமும் வரவில்லை. வந்ததெல்லாம் அதற்குச் சில நாள் முன்னால் பாசாரிலிருந்து நண்டோடு வந்த முகம். அவனுக்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவனுக்காகத்தான் பார்க்காமல் போனேன் என்று அவனிடம் சொல்ல வாய் எழவில்லை.

"என்ன சேலைக்கா?" என்று மறுபடியும் கேட்டான்.

மாமா எதிரே உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்கச் சொல்லலாம் என்று நினைத்தேன், வெட்கமாக இருந்தது. தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது.

"நீயும் பாக்கலையாக்கா?" என்றான்.

பண்டாரம் நேரமாகிறது என்றார். தம்பி துணியை அவிழ்த்தான்.